ஒரே வைஃபை, நாலு பேர்: யாருக்கு எந்த ஃபோல்டர்?

(மதுரை மாநகரிலும் சுற்று வட்டாரத்திலும் வீட்டின் முன்னறையில் இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்களுக்கான பயிற்சி வகுப்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கீங்க. செல்லூர், ஆரப்பாளையம், திருப்பரங்குன்றம்னு பக்கத்திலிருந்து வந்தவங்களும் இருக்கீங்க. ஊர் வேறாக இருந்தாலும் உங்களில் பலருக்கு ஒரு விஷயம் பொது. முன்னறை கடை, பின்னறை வீடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வைஃபை.

முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரின்டர். பின்னறையில் தம்பியோ தங்கையோ பயன்படுத்தும் லேப்டாப். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்பைப் பத்திரமாக வைத்து இன்னும் ஓட்டுகிற வீடுகளும் உண்டு. அப்புறம் ஆளுக்கு ஒரு போன். முன்னறையில் ஸ்கேன் செய்ததைப் பின்னறையில் திறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்க முடியுமா? அதனால் ஃபோல்டரை 'ஷேர்' போடுகிறோம். அது நல்ல விஷயம்தான். அதை எப்படிப் போடுகிறோம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இரண்டே நிமிட வேலை

வழக்கமாக என்ன நடக்கிறது? தெரிந்த பையன் ஒருத்தன் வருவான். ஃபோல்டரில் ரைட் கிளிக், ஷேர், 'எவ்ரிஒன்', 'ஃபுல் கன்ட்ரோல்'. பாஸ்வேர்ட் கேட்டால் தொல்லை என்று அதையும் ஆஃப் செய்து விடுவான். இரண்டே நிமிடம். எல்லா மெஷினிலும் ஃபோல்டர் திறக்கும். நமக்கும் சந்தோஷம், அவனுக்கு ஒரு டீ.

'எவ்ரிஒன்' என்றால் எல்லாரும். 'ஃபுல் கன்ட்ரோல்' என்றால் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம், அனுமதியையே மாற்றியும் வைக்கலாம். அந்த ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது? சாதிச் சான்றிதழுக்கு வந்தவரின் ஆதார், பட்டா மாறுதலுக்கு வந்தவரின் பத்திர நகல், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வந்த பிள்ளையின் மார்க் ஷீட், முதியோர் உதவித்தொகைக்கு வந்த பாட்டியின் பேங்க் பாஸ்புக். நம்மை நம்பிக் கொடுத்த காகிதம் எல்லாம் அதில்தான் கிடக்கிறது.

மனு போட வந்தவர், "ஓடிபி வரலை, இங்கே டவர் இல்லை, வைஃபை பாஸ்வேர்ட் கொஞ்சம் சொல்லுங்க தம்பி" என்று கேட்பார். மனசு கேட்காமல் சொல்லி விடுவோம். அந்த நிமிடத்திலிருந்து அவர் போனும் நம் நெட்வொர்க்கில் ஒரு உறுப்பினர். போனில் இருக்கும் ஃபைல் மேனேஜர் செயலிகள் பலவற்றில் நெட்வொர்க்கில் ஷேர் ஆன ஃபோல்டர்களைத் திறக்கும் வசதி உண்டு. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அடுத்து வருபவர் யார் என்று நமக்குத் தெரியாது.

திருட்டுப் பயம் மட்டும் இல்லை. வீட்டுக் குழந்தை கேம் இறக்க இடம் வேண்டும் என்று லேப்டாப்பில் எதையோ அழிக்கும். தன் மெஷினில் அழித்தால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷினின் ஃபோல்டரில் அழித்தால் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. போனது போனதுதான். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மத்தியானம் அது நடந்தால், பாதிக்கப்படுவது நம் கடை மட்டுமா? ஒரு பிள்ளையின் ஒரு வருடம்.

முதலில் பேப்பர், அப்புறம் மவுஸ்

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள் எடுங்க. இடது பக்கம் ஆட்களின் பெயர், மேலே ஃபோல்டர்களின் பெயர். கட்டம் போடுங்க.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மையம் நடத்துவது அக்கா. உதவிக்கு ஒரு பையன் வருகிறார். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு எழுதுகிறார். தம்பி கல்லூரியில் படிக்கிறார். ஆக நாலு பேர். ஃபோல்டரும் நாலு போதும்.

படிவங்கள்: நிரப்பாத விண்ணப்பங்கள், அறிவிப்புகள். நாலு பேரும் பார்க்கலாம். திருத்துவது அக்கா மட்டும்.

மனுக்கள்: பொதுமக்களின் ஆவணங்கள். அக்காவும் உதவியாளரும் மட்டும். அம்மாவுக்கும் தம்பிக்கும் இது திறக்கவே கூடாது.

குழு கணக்கு: அம்மா எழுதலாம். அக்கா பார்க்கலாம். மற்றவர்களுக்கு இல்லை.

குடும்பம்: போட்டோ, கரண்ட் பில், கேஸ் ரசீது. குடும்பத்தினர் மூவரும் எழுதலாம். உதவியாளருக்கு இல்லை.

அம்புட்டுத்தான். "தம்பிக்கு ஏன் கொடுக்கவில்லை? நம்ம பையன்தானே?" என்று கேட்கலாம். அவர் மேல் சந்தேகம் இல்லை. அவருக்கு அதில் வேலை இல்லை, அவ்வளவுதான். வேலை இல்லாத இடத்துக்குச் சாவி எதற்கு? நாளைக்கு அவர் லேப்டாப்பில் வைரஸ் வந்தாலும், அவருக்குத் திறக்காத ஃபோல்டர் அந்த வைரஸுக்கும் திறக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.

இரண்டு கதவு

விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு இடத்தில் அனுமதி இருக்கிறது. பலரும் குழம்புவது இங்கேதான்.

ஒன்று 'ஷேரிங்' டேபில் இருப்பது. நெட்வொர்க் வழியாக வருபவர்களுக்கான அனுமதி இது. இதில் மூன்று அளவு: 'ரீட்' என்றால் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம். 'சேஞ்ச்' என்றால் திருத்தலாம், புதிதாகப் போடலாம், அழிக்கவும் செய்யலாம். 'ஃபுல் கன்ட்ரோல்' பற்றி முன்பே சொன்னேன்.

மற்றொன்று 'செக்யூரிட்டி' டேபில் இருப்பது. இது ஃபோல்டருக்கே போட்ட பூட்டு. நெட்வொர்க்கில் வந்தாலும் சரி, அந்த மெஷின் முன்னாலேயே உட்கார்ந்தாலும் சரி, இது பொருந்தும்.

வீட்டு வாசல் கதவும் உள்ளே பீரோக் கதவும் மாதிரி நினைத்துக்கொள்ளுங்க. வெளியிலிருந்து வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். வாசல் திறந்து கிடந்து பீரோ பூட்டியிருந்தால் எடுக்க முடியாது. பீரோ திறந்து கிடந்து வாசல் பூட்டியிருந்தாலும் எடுக்க முடியாது. அதாவது, இரண்டில் எது குறைவோ அதுதான் நெட்வொர்க்கில் வருபவருக்குக் கிடைக்கும். ஷேரிங்கில் 'சேஞ்ச்' கொடுத்து, செக்யூரிட்டியில் 'ரீட்' மட்டும் கொடுத்தால் அவருக்கு ரீட் மட்டும்தான்.

ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவருக்கு வாசல் கதவு எதற்கு? முன்னறைக் கம்ப்யூட்டரில் நேரடியாக லாக்-இன் செய்பவருக்கு ஷேரிங் அனுமதி கணக்கில் வராது. செக்யூரிட்டி மட்டும்தான் அவரைத் தடுக்கும். ஆகையால் ஷேரிங்கை மட்டும் சரிசெய்துவிட்டு, எல்லாரும் ஒரே லாக்-இன்னில் உட்கார்ந்தால் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு விதி. ஒருவருக்குத் தனியாக ஒரு அனுமதி, அவர் இருக்கும் குழுவுக்கு இன்னொரு அனுமதி என்று இருந்தால் இரண்டும் சேர்ந்து கூடுதலாகவே கிடைக்கும். அதனால்தான் 'எவ்ரிஒன்' அங்கேயே இருந்தால், நீங்கள் தனித்தனியாகப் பார்த்துப் பார்த்துப் போட்டது வீணாகிவிடும். 'டினை' என்று ஒரு கட்டமும் இருக்கும். அது மற்ற அனுமதிகளை மீறித் தடுக்கும். அவசரப்பட்டு 'எவ்ரிஒன்' மேல் 'டினை' போட்டால் நீங்களும் வெளியே நிற்பீங்க. பெயரைச் சேர்க்காமல் விட்டாலே அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம். 'டினை' தேவைப்படாது.

செய்முறை

முதல் வேலை, முன்னறைக் கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு அக்கவுன்ட். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போங்க. மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் இல்லாமலும் லோக்கல் அக்கவுன்ட் உருவாக்கலாம். அக்காவுக்கு மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர். மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்டு. ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்ட் கட்டாயம். பாஸ்வேர்ட் இல்லாத அக்கவுன்டை விண்டோஸ் இயல்பாகவே நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. நாலு இலக்க பின் நம்பரும் இங்கே உதவாது, அது அந்த மெஷினுக்கு மட்டும். "பின் போட்டேன், ஏற்க மாட்டேங்குது" என்று பலரும் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, நெட்வொர்க் செட்டிங்ஸில் நம் வைஃபையை 'பிரைவேட்' என்று வைங்க. அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் 'பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்' ஆன் ஆக இருக்க வேண்டும். அந்தப் பையன் ஆஃப் செய்துவிட்டுப் போனது இதைத்தான்.

மூன்றாவது, டி டிரைவில் நாலு ஃபோல்டரை உருவாக்குங்க. மொத்த டிரைவையோ டெஸ்க்டாப்பையோ ஷேர் செய்ய வேண்டாம். டிரைவ் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்க வேண்டும். பென் டிரைவ் பலவும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வரும். அதில் செக்யூரிட்டி டேப் இருக்காது, உள்கதவு போட வழி இல்லை.

நான்காவது, வாசல் கதவு. ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ். அங்கே இருக்கும் 'எவ்ரிஒன்' பெயரை ரிமூவ் செய்யுங்க. 'ஆட்' அழுத்தி, பேப்பரில் எழுதிய பெயர்களை மட்டும் சேருங்க. பார்ப்பவருக்கு ரீட், எழுதுபவருக்கு சேஞ்ச்.

ஐந்தாவது, உள்கதவு. அதே பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேல் டிரைவிலிருந்து வழிவழியாக இறங்கி வந்த அனுமதிகள் அங்கே தெரியும். 'டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' அழுத்தினால் இரண்டு வழி காட்டும். இருக்கும் அனுமதிகளை அப்படியே மாற்றி வைக்கும் முதல் வழியைத் தேர்ந்தெடுங்க. அதன் பிறகு 'யூசர்ஸ்', 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' இரண்டையும் எடுத்துவிடுங்க. 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' இருக்கட்டும். உங்கள் பெயரையும் மற்றவர்கள் பெயரையும் சேருங்க. எழுதுபவருக்கு 'மாடிஃபை', பார்ப்பவருக்கு 'ரீட்'. வீட்டில் யாருக்கும் ஃபுல் கன்ட்ரோல் தேவைப்படாது.

எல்லாம் முடிந்ததும் சோதனை. தம்பி லேப்டாப்பில் போய், தம்பி பெயரில் நுழைந்து 'மனுக்கள்' ஃபோல்டரைத் திறந்து பாருங்க. அனுமதி இல்லை என்று வர வேண்டும். வந்தால்தான் வேலை முடிந்தது. 'படிவங்கள்' திறக்க வேண்டும், ஆனால் ஒரு ஃபைலை அழிக்க முயன்றால் மறுக்க வேண்டும். திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகிறோம். திறக்கக் கூடாதது திறக்காமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஒரே லேப்டாப்பில், ஒரே லாக்-இன்னில், முதலில் அம்மா பெயரில் நுழைந்துவிட்டு உடனே தம்பி பெயரில் நுழைய முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெயரைத்தான் விண்டோஸ் ஏற்கும். அம்மாவும் தம்பியும் ஒரே லேப்டாப்பைப் பயன்படுத்தினால், அந்த லேப்டாப்பிலும் ஆளுக்கு ஒரு லாக்-இன் வைத்துவிடுங்க.

2017 மே மாதம் நடந்தது

"நம்ம வீட்டுக்கு இவ்வளவு தேவையா?" என்று தோன்றலாம். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. அது பரவிய வழி எது தெரியுமா? விண்டோஸில் ஃபைல் ஷேர் செய்யப் பயன்படும் அதே எஸ்எம்பி முறையின் பழைய பதிப்பு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள்.

ஃபோல்டர் அனுமதி அந்த ஓட்டையை அடைக்காது, அதற்கு அப்டேட்தான் மருந்து. ஆனால் பொதுவாக ரான்சம்வேர் ஒரு மெஷினுக்குள் வந்துவிட்டால், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எழுத அனுமதி உள்ள ஃபைல்களை எல்லாம் பூட்டப் பார்க்கும், நெட்வொர்க் ஃபோல்டர் உட்பட. அவருக்கு ரீட் மட்டும் இருக்கும் ஃபோல்டரை அவர் பெயரில் பூட்ட முடியாது. தம்பிக்குத் தேவையில்லாத சாவி எதற்கு என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. பழைய லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் அதைப் படிப்புக்குப் பயன்படுத்துங்க. மனுக்கள் இருக்கும் ஃபோல்டரோடு அதை இணைக்க வேண்டாம்.

மனுதாரரின் காகிதம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் தகவலுக்கு அது பொருந்தாது. ஆகவே 'குடும்பம்' ஃபோல்டர் உங்கள் பாடு. ஆனால் 'மனுக்கள்' ஃபோல்டரில் இருப்பது வீட்டு உபயோகம் இல்லை. பிறருடைய தகவலைக் கையாள்பவர் அதற்குத் தகுந்த பாதுகாப்பு செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் முக்கியமான கடமைகளில் ஒன்று. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. அது பெரிய நிறுவனங்களையும் மனதில் வைத்த உச்ச அளவு. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. முன்னறையும் பின்னறையும் ஒரே வீட்டில் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றில்லை என்பதைச் சொல்கிறேன்.

வேலை முடிந்த ஆவணங்களைச் சேர்த்து வைக்காதீங்க. மனு முடிந்து, சான்றிதழ் கைக்கு வந்ததும் நகலை அழித்துவிடுங்க. இல்லாத ஃபைலை யாரும் எடுக்க முடியாது. உதவியாளர் வேலையை விட்டு நின்றால், அன்றைக்கே அவர் அக்கவுன்டை நிறுத்துங்க. ஆளுக்கு ஒரு அக்கவுன்ட் வைத்ததன் பலன் அப்போது தெரியும். எல்லாரும் ஒரே பாஸ்வேர்ட் என்றால், ஒருவர் போகும்போது மொத்தப் பேருக்கும் மாற்ற வேண்டியிருக்கும்.

வந்தவருக்கு வைஃபை கொடுப்பதைத் தவிர்க்க முடியாது என்றால், ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருக்கிறதா பாருங்க. இப்போது வரும் ரூட்டர் பலவற்றில் இருக்கிறது. அதற்குத் தனிப் பெயர், தனி பாஸ்வேர்ட். அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும், உங்கள் கம்ப்யூட்டர் தெரியாது.

கேட்ட கேள்விகள்

"ஏம்மா, ஷேர் பேருக்குப் பின்னால டாலர் குறி போட்டா யாருக்கும் தெரியாதுன்னு சொல்றாங்களே, அது போதாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

ஐயா, பட்டியலில் தெரியாது, அவ்வளவுதான். பெயர் தெரிந்தவர் அடித்தால் நேராகத் திறக்கும். மறைத்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. பூட்டிவிட்டு மறைப்பதாக இருந்தால் சரி.

"வேலைக்கு வர்ற பையன் ஸ்கேன் செஞ்சு உள்ளே போடணும். ஆனா இருக்கிறதை அழிக்கக் கூடாது. முடியுமா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

முடியும் அக்கா. செக்யூரிட்டியில் அவருக்கு 'மாடிஃபை' டிக்கை எடுத்துவிட்டு 'ரீட்', 'ரைட்' மட்டும் கொடுங்க. புதிய ஃபைல் போடலாம், மற்றவர்கள் போட்டதை அழிக்க முடியாது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்-க்கு இது நன்றாகப் பொருந்தும். வேர்டு ஃபைலைத் திறந்து திருத்திச் சேமிக்கும்போது மட்டும் தகராறு செய்யலாம். ஏனென்றால் வேர்டு சேமிக்கும்போது உள்ளுக்குள் பழையதை நீக்கிப் புதியதை வைக்கும்.

"ஷேர் போட்டுட்டா அதுவே பேக்கப் மாதிரிதானே?" என்று கேட்டவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லைங்க. எங்கிருந்து பார்த்தாலும் ஃபைல் ஒன்றுதான், அழிந்தால் எல்லாருக்கும் அழியும். வாரம் ஒரு முறை தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி பீரோவில் வைங்க. செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். ஏதாவது மோசடி நடந்து பணமோ தகவலோ போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்க.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதலில் அந்த வெள்ளைத்தாளை எடுத்துப் பெயர்களை எழுதுங்க. யாருக்கு எது தேவை என்று வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டுக் கட்டம் போடுங்க. மவுஸைத் தொடுவது நாளைக் காலையில், முதல் மனு வருவதற்கு முன்னால் இருக்கட்டும். அரை மணி நேர வேலை.